விருந்தாளியின் ஓட்டு

காலைப் பெரட்டில், ஆள் எடுக்கும் இடத்தில், வைத்துத் தபால் கொடுப்பது அந்தத் தோட்டத்துப் பழக்கம். லைன் வீடுகளுக்குத் தபால்காரர் ஏறி வருவதில்லை. எல்லாருக்கும் ஒரே முகவரி, தோட்ட ஆபீஸ். விடிந்ததும் வேலைக்குப் பேர் கொடுக்க ஆட்கள் கூடி நிற்கும்போது ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி ஒவ்வொரு கடிதமாக எடுத்துக் கூப்பிடுவார். ஆள் வராவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கை நீட்டுவார். அரசாங்க முத்திரை போட்ட உறை என்றால் மட்டும் நாலு குரல் சேர்ந்து எழும்: "படிங்க கிராணி, என்னானு கேப்போம்." கிராணியும் படிப்பார். உள்ளே கெட்ட சேதி இருந்தால் உரியவருக்குத் துணையாக நாலு பேர் இருக்கட்டும் என்பது அதற்கு அவர் சொல்லும் நியாயம்.

அப்படித்தான் ருக்குமணிக்கு வந்த கடிதம், ருக்குமணியின் காதுக்கு எட்டுமுன் தோட்டத்துக்கே எட்டிவிட்டது.

அவளுடைய மருமகன் குகனேஸ்வரன் அப்போது தொழிற்சாலையின் மேல்தளத்தில் இருந்தான். முந்தின நாள் பறித்த கொழுந்து நீளத் தொட்டிகளில் வாடிக்கொண்டிருந்தது. ஒரு கைப்பிடி இலையை அள்ளி இறுக்கிப் பிடித்து விரலை விரித்தான். இலை சட்டென்று விரியாமல் மெல்ல நெகிழ்ந்தால் அரைக்க அனுப்பலாம். கல்லூரியில் வேளாண்மை படித்துவிட்டு வந்து அவன் பார்க்கும் வேலை இது. கடந்த நாலு மாதமாக அவனுக்குச் சிரமமில்லாமல் வந்தது இந்த ஒன்றுதான். இலையைப் பிடித்தால் கைக்குத் தெரிந்துவிடும். மனம் வேண்டியதில்லை.

கொழுந்து லோரி ஓட்டும் புனிதன் படியேறி வந்தான்.

"அண்ணே, உங்க மாமியா மேல கேஸு."

"என்ன கேஸு?"

"கள்ள ஓட்டு."

குகன் இலையைத் தொட்டியில் போட்டான். "கள்ள ஓட்டுன்னு எழுதியிருக்கா?"

"அப்படி எழுதல லா. அது நாங்களா பேசிக்கிட்டது. கிராணி படிச்சதுல, அவங்க இந்த ஊர்ல குடியில்லையாம், சும்மா வந்து போறவங்களாம், அதனால இங்க ஓட்டு செல்லாதுன்னு யாரோ எழுதிக் குடுத்திருக்காங்க."

"யாரு?"

"மகேன். நம்ம காய்கறி மகேன்."

புனிதன் கையிலிருந்த கடிதத்தை வாங்கி நின்றபடியே படித்தான் குகன். புதிதாக ஒட்டப்பட்ட வாக்காளர் பட்டியலில் ருக்குமணியின் பெயர் இந்தத் தோட்ட முகவரியில் சேர்ந்திருக்கிறது. அதே தொகுதியின் வாக்காளர் ஒருவர் ஆட்சேபம் எழுப்பியிருக்கிறார். மேற்படி பெண்மணி மேற்படி முகவரியில் விருந்தாளியாக மட்டுமே இருக்கிறார் என்று அந்தப் பெண்மணியே பலர் முன்னிலையில் சொல்லியிருக்கிறார். பதிவு அதிகாரியின் விசாரணை வரும் வெள்ளிக்கிழமை, தானா ராத்தா டவுனில். ஆட்சேபிக்கப்பட்டவர் சாட்சிகளோடு வரலாம்.

மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். அந்தப் பெயரை அந்தப் பட்டியலில் சேர்த்தது சசி.

சசிரேகா அவன் மனைவி. தோட்டத்துத் தேநீர்க் கடையில், சுற்றுலாக்காரர்கள் மலையைப் பார்த்துக்கொண்டே தேநீர் குடிக்கும் இடத்தில், கல்லாவில் இருந்தவள். ரத்தத்தில் நோய் என்று ஈப்போ ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகு அவள் அதிக நாள் இருக்கவில்லை. அந்தப் படுக்கையில் கிடந்தபடி ஒரு மத்தியானம் கைப்பேசியை எடுத்து, "அம்மா, உன் கார்டு நம்பரச் சொல்லு" என்றாள். எதுக்குடி என்றாள் ருக்குமணி. "ஓட்ட மாத்தப் போறேன். கார்டுலதான் அட்ரெஸ் மாத்தியாச்சே. அடுத்த வாட்டி ஓட்டுப் போட நீ தாப்பாவுக்கு இறங்க வேணாம். மூணு பேரும் ஒண்ணா போய்ப் போடுவோம்." அடையாள அட்டையின் முகவரி, மலை மேல் கிளினிக்கில் சர்க்கரை மருந்து எடுப்பதற்காக முன்பே மாறியிருந்தது. "நான் எதுக்குடி இங்க போடணும்? நான் வந்து போறவ." "எப்பப் பாத்தாலும் போறேன் போறேன்னுட்டு. எங்கதான் போற? நம்பரச் சொல்லும்மா." சொன்னாள். விண்ணப்பம் போனது. அது ஏற்கப்பட்டுப் பெயர் பட்டியலில் வருவதற்குள் சசி போய்விட்டாள்.

ருக்குமணி விருந்தாளி என்று மகேன் எழுதியதில் ஒரு சொல்லும் அவன் சொந்தச் சரக்கில்லை. புருஷன் இறந்தபின் தாப்பாவில் கொழுந்தனார் வீட்டில் இருந்தவளை, பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று சசிதான் மலைக்குக் கூட்டி வந்தாள். அந்தப் பத்து நாள் இரண்டு வருடமாயிற்று. ஆனால் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் தாய் போய் உட்கார்ந்துகொண்டாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. மகன் இல்லாதவள், அதனால்தான் போய் ஒட்டிக்கொண்டாள் என்று சொன்னால் அது இன்னும் மோசம். ஆகவே கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் ருக்குமணி ஒன்றையே சொன்னாள்: "சும்மா வந்தேன். இந்த வாரம் கெளம்பிடுவேன்."

அன்று சாயங்காலம் குகன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்து விஷயத்தைச் சொன்னான். ருக்குமணி அடுப்படி வாசலிலேயே நின்றாள். மருமகன் எதிரில் அவள் உட்கார்ந்ததில்லை.

"காலையிலயே தெரியும் மாப்பிள்ள. சுபத்ரா கடையில இதுதான் பேச்சு."

"வெள்ளிக்கிழமை போகணும் அத்தை."

"எதுக்குங்க? அவன் எழுதினது சரிதானே. நான்தானே அப்படிச் சொன்னேன்."

"ரெண்டு வருஷமா இங்கதானே இருக்கீங்க."

"வந்தவ இருந்துட்டேன். அதுக்காக ஊர்க்காரி ஆயிடுவேனா?" முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். "நான் உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். கொழுந்தனாருகிட்ட பேசிட்டேன். இது முடிஞ்சதும் ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துட்டு வரேன்னாரு."

குகன் தட்டைப் பார்த்தான். "ஏன்?"

"ஏன்னா என்ன மாப்பிள்ள. உங்களுக்கு என்ன வயசு ஆச்சு? நாளைக்கு இன்னொருத்தி வருவா. வரணும். அவ வரப்ப, செத்துப்போனவளோட அம்மா எந்த மூலையில உக்காந்திருக்கறது? இப்பவே நாலு பேரு கேக்கறாங்க. பொண்ணே இல்ல, இன்னும் என்ன அந்த வீட்டுலன்னு."

அவன் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். இருங்க என்று ஒரு வார்த்தை. வாய் வரை வரவில்லை. சசி போன பிறகு அவனுக்கு அப்படி ஆகிவிட்டது. சொல்ல வேண்டியது என்னவென்று தெரியும், சொல்லும் இடத்தில் ஒன்றும் இருக்காது. சடங்குகள் எல்லாவற்றையும் முறையாகச் செய்தான். அழவில்லை. அந்த வீட்டில் சசியின் பெயரை இருவரும் எடுப்பதில்லை. அவன் வேலை விட்டு வரும்போது அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்கும். மறுநாள் காலை மறுபடி கேட்கும். அது இருக்கும்வரை வீட்டுக்குள் காலெடுத்து வைக்க முடிந்தது.

ஆகவே அவனால் முடிந்ததை அவன் யோசித்தான். வழக்கில் ஜெயித்துவிட்டால், ருக்குமணி குடியிருப்பது இங்கேதான் என்று அரசாங்கமே சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு நான் விருந்தாளி என்று அவள் எப்படிச் சொல்வாள்? தான் சொல்ல முடியாததை அதிகாரி சொல்லட்டும். படித்தவன் புத்தி அப்படி ஓடியது.

மறுநாள் வேலை முடிந்து சுபத்ராவின் கடைக்குப் போனான். லைன் கோடியில் ஒற்றைக் கதவுக் கடை. சுபத்ரா பேச்சில் தராசு போன்றவள், எந்தப் பக்கமும் கூடவிட மாட்டாள்.

"அக்கா, வெள்ளிக்கிழமை சாட்சிக்கு வரணும்."

"நான் என்னானு சொல்லட்டும் தம்பி? ஆபீசர் முன்னால பொய் சொல்ல முடியுமா? தெனம் காலையில தேங்கா வாங்க வருவாங்க. எப்ப ஊருக்குன்னு நான் கேப்பேன். இந்த வாரம்னு அவங்க சொல்லுவாங்க. ரெண்டு வருஷமா இந்த வாரம்தான்."

"ரெண்டு வருஷமா தேங்கா வாங்கினாங்கல்ல? அதச் சொல்லுங்க."

சுபத்ரா யோசித்தாள். "அது உண்மைதான். தேங்காய்க்குச் சாட்சி சொல்றேன் போ."

அந்த நேரம் பார்த்து மகேனின் லோரி வந்து நின்றது. கியா பார்மிலிருந்து கோசும் தக்காளியும் ஏற்றி ரிங்லெட் வரை இறங்குகிறவன். கட்சியில் வாக்குச்சாவடி வேலையும் அவனுக்குத்தான். குகனைக் கண்டதும் கோசுக் கூடையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"குகா, உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல."

"தெரியும்."

"கீழேருந்து ஆளுங்கள கொண்டாந்து பேரு சேக்கறாங்கன்னு ஒவ்வொரு வாட்டியும் கத்தறது நாங்க. பட்டியல் ஒட்டுனதும் போய்ப் பாத்தேன். அக்கா பேரு இருந்துச்சு. இதே எடத்துல, அவங்க வாயிலேருந்தே கேட்டிருக்கேன், நான் இந்த ஊர்க்காரி இல்லப்பான்னு. நம்ம ஆளுன்னு கண்ண மூடிக்கிட்டா மத்தவன எப்படிக் கேக்கறது?"

"சரிதான்."

"திட்டித் தொலையேன் லா. சும்மா சரிதான் சரிதான்னா எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

"கூடைய எறக்குங்கண்ணே, கனக்கும்."

மகேன் இறக்கினான். சசியின் சாவுக்கு, கேட்காமலேயே ஒரு லோரி நிறையச் சாமந்தி கொண்டுவந்து கொட்டியவன் அவன்.

வெள்ளிக்கிழமை மலையில் மூடுபனி. குகனிடம் இருந்தது மோட்டார் சைக்கிள் மட்டும். மருமகனின் பின்னால் ஏறி உட்கார ருக்குமணி எந்தக் காலத்திலும் சம்மதிக்க மாட்டாள் என்பதால் கேட்கவுமில்லை. அவள் முச்சந்தியில் பஸ் ஏறினாள். இவன் பஸ்ஸின் பின்னாலேயே ஓட்டினான். முந்திப் போயிருக்கலாம். போகவில்லை. கடைசி இருக்கையில் உட்கார்ந்திருந்த ருக்குமணி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அவன் வருகிறானா என்று பார்த்தாள். ஒவ்வொரு வளைவிலும் தள்ளி வாங்க, தள்ளி வாங்க என்று கையைக் காட்டினாள். தானா ராத்தாவில் இறங்கியதும் முதல் பேச்சு அதுதான்.

"லோரிக்காரன் எதுக்க வந்தா என்னா பண்ணுவீங்க? இவ்வளவு கிட்டவா ஓட்டறது?"

"மெதுவாத்தான் வந்தேன் அத்தை." பிறகு படியேறும்போது சொன்னான்: "ஒண்ணே ஒண்ணு. பேரு மாத்தனப்ப இங்கயே இருக்கணும்னு நெனச்சீங்களான்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லுங்க. அது போதும்."

அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் படியேறினாள்.

விசாரணை ஒரு சின்னக் கூட்ட அறையில். நீள மேசைக்கு அந்தப் பக்கம் பதிவு அதிகாரி, முக்காடு போட்ட நடுவயதுப் பெண். பக்கத்தில் எழுதிக்கொள்ள ஒருவர். இவர்களுக்கு முன்னால் போன சீனப் பெரியவர், தன் மகன் சிங்கப்பூரில் வேலை பார்த்தாலும் அவன் கட்டிலும் மெத்தையும் பிரிஞ்சாங்கில்தான் இருக்கின்றன என்று மேசையைத் தட்டிச் சொல்லி ஜெயித்துவிட்டு வெளியே வந்தார். குகனுக்கு நம்பிக்கை வந்தது. சுபத்ராவும் வந்து சேர்ந்தாள். மகேனின் லோரியில்தான் வந்தாள். வேறு வண்டி ஏது என்றாள்.

மகேன் சத்தியம் செய்துவிட்டு மலாயில் சொன்னான். சுருக்கமாக, ஒரு பொய்யும் கலக்காமல். முடிக்கும்போது, "அவங்க நல்லவங்க, மேடம்" என்று சேர்த்துக்கொண்டான். அது ஆட்சேபத்தில் வராது என்றார் அதிகாரி.

சுபத்ரா தேங்காய்க்குச் சாட்சி சொன்னாள். பேச்சோடு பேச்சாக, இந்த வாரம் கிளம்புகிறேன் என்று ருக்குமணி தினமும் சொன்னதற்கும் சாட்சி சொல்லிவிட்டாள்.

பிறகு குகன். அவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு?

மாமியார்.

உங்கள் மனைவி வந்திருக்கிறாரா?

"இறந்துவிட்டார்" என்றான். மலாயில் அதைச் சொல்வது எளிதாக இருந்தது. தமிழில் அந்த வார்த்தையை அவன் இன்னும் சொன்னதில்லை.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். எழுதுகிறவரும் தலையைத் தூக்கினார். அனுதாபம் சொல்லிவிட்டு, சரி, என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். கிளினிக் அட்டையை எடுத்து வைத்தான் குகன். பக்கத்து வீட்டு நாலு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததையும் வைத்தான். வீட்டில் அவருக்குத் தனி அறை இருக்கிறது என்றான். அவர் வைத்த முருங்கை கூரை உயரம் வந்துவிட்டது என்றான். மலைக் குளிரில் முருங்கை வருமா என்று அதிகாரி வியந்தார். அடுப்புச் சாம்பல் போட்டால் வரும் என்று ருக்குமணி நின்ற இடத்திலிருந்து தமிழில் சொன்னாள்.

"மக்சிக், உட்காருங்கள். இனி உங்கள் முறை" என்றார் அதிகாரி, பெரியம்மா என்பதுபோல மலாயில் கூப்பிட்டு.

ருக்குமணி உட்காரவில்லை. அவளுடைய மலாய் சந்தையில் காய் வாங்கப் போதும், சத்தியத்துக்குப் போதாது. அன்று வர வேண்டிய மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. குகன் எழுந்தான். அவர் வீட்டு ஆள், அவர் சொன்னால் சரிவராது என்றார் அதிகாரி. வேறு நாளைக்கு வைக்கலாமா?

"எதுக்குங்க இன்னொரு நாளு? மகேன் சொல்லட்டும்" என்றாள் ருக்குமணி. "தெரிஞ்ச பையன்தானே."

அதிகாரி மகேனைப் பார்த்தார். மகேன் குகனைப் பார்த்தான். குகன் தலையசைத்தான். அப்படியாக, அவள் பெயரை நீக்கக் கேட்டவனே அவளுக்கு நாக்காக வந்து பக்கத்தில் நின்றான்.

பேரை மாற்றும் விண்ணப்பம் போட்ட நாளில், இந்த வீட்டிலேயே தொடர்ந்து இருந்துவிட வேண்டும் என்று நினைத்தீர்களா? சத்தியம் வாங்கிக்கொண்டு அதிகாரி கேட்டார். மகேன் தமிழில் கேட்டான்.

குகன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரே வார்த்தை.

"இல்லைங்க" என்றாள் ருக்குமணி.

"அத்தை..."

"இருங்க மாப்பிள்ள. சத்தியம் வாங்கிட்டாங்கல்ல?" அதிகாரி பக்கம் திரும்பினாள். "பொண்ணு கேட்டா. படுக்கையில கெடந்துக்கிட்டு, நம்பரச் சொல்லும்மான்னா. சொன்னேன். அன்னைக்கு அவ எதைக் கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேன். ஆனா இங்கயே இருந்துடணும்னு நான் நெனைக்கல. தாயி மகவீட்டுக்கு வந்து போறவதானே. அவளத் தேத்தி, எழுப்பி உக்கார வச்சிட்டு, நான் போயிடணும்னுதான் நெனச்சேன்."

மகேன் ஒவ்வொன்றாக மலாயில் சொல்லிக்கொண்டே வந்தான். கடைசி வாக்கியத்தில் நின்றுவிட்டான். மறுபடி தொடங்கிச் சொன்னான்.

அதிகாரி சற்று நேரம் எழுதினார். நிமிர்ந்து, "இப்போது?" என்று கேட்டார். "இனிமேல் எங்கே இருப்பீர்கள், மக்சிக்?"

ருக்குமணி மேசையின் விளிம்பைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனார் வருகிறார் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள் என்பது குகனுக்குத் தெரிந்தது. கேஸ் போய்விட்டது. அதிகாரி சொல்வார் என்று நம்பியது இனி இல்லை. சொல்ல ஆள் அவன் ஒருவன்தான்.

"அத்தை" என்றான் தமிழில். அறையில் வேறு யாரும் இல்லாதது போல. "நீங்க போயிட்டா, சசியைப் பத்திப் பேச எனக்கு ஆள் இல்ல."

அவள் திரும்பினாள்.

"இது வரைக்கும் பேசலதான். வாய் வரல. ஆனா நீங்க அடுப்படியில இருக்கீங்கல்ல, என்னைக்காவது பேசிக்கலாம்னு இருந்தேன். அவ சின்னப் பிள்ளையில எப்படி இருந்தா, என்னா தின்னா, எதுக்கு அழுவா, எனக்கு ஒண்ணும் தெரியாது. நாலு வருஷம்தான் எனக்குத் தெரியும். மத்ததெல்லாம் உங்ககிட்ட இருக்கு."

"நாளைக்கு வேற ஒருத்தி..."

"வந்தா வரட்டும். வரலன்னா போகட்டும். வராதவளுக்காக இப்பவே எதுக்கு எந்திரிச்சு எடம் விடறீங்க?"

ருக்குமணி முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். சுபத்ரா மூக்கை உறிஞ்சியது கேட்டது.

"என்ன சொல்கிறார்?" என்றார் அதிகாரி.

மகேன் அத்தனையையும் ஒரே வரியாகச் சுருக்கினான். "போக வேண்டாம் என்று கேட்கிறார், மேடம். ஆட்சேபம் வாபஸ்."

"வாபஸ் என்று அவர் சொன்னாரா?"

"அது நான் சொல்றது, மேடம்."

அதிகாரியின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. மறுபடி ருக்குமணியிடம் கேட்டார், அதே கேள்வியை, மெதுவாக. மகேன் அதைத் தமிழில் சொல்லும்வரை அவள் காத்திருக்கவில்லை. தனக்குத் தெரிந்த சந்தை மலாயில், இங்கேதான் இருப்பேன் என்று நேராகச் சொன்னாள். சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று மகேனைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான்.

முடிவு அங்கேயே வந்தது. விண்ணப்பித்த நாளில் அங்கே குடியிருக்கும் எண்ணம் தனக்கு இல்லை என்று அவரே சத்தியத்தின் பேரில் சொல்லிவிட்டார். கேட்டதைக் கேட்கவில்லை என்று எழுத முடியாது, ஆட்சேபம் வாபஸ் ஆனாலும்கூட. ஆகவே அந்தப் பதிவு ரத்து. அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "ஆனால் இன்று சொன்னதையும் நான் கேட்டேன். வெளியே கவுன்ட்டர் திறந்திருக்கிறது. புதிதாக விண்ணப்பியுங்கள்." பிறகு, அதிகாரியாக இல்லாமல், சொன்னார்: "என் அம்மாவும் இப்படித்தான். ஒவ்வொரு பிள்ளை வீட்டிலும் விருந்தாளி. பையைப் பிரிக்கவே மாட்டார்."

தோற்றுப்போய் வெளியே வந்தார்கள்.

கவுன்ட்டரில் வேலை சீக்கிரம் முடிந்தது. கேட்டதற்கெல்லாம் ருக்குமணியே பதில் சொன்னாள். கையெழுத்தை எழுத்துக் கூட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டாள். அடுத்த பட்டியலில் பெயர் வரும், அதையும் ஒட்டுவார்கள், யாரும் ஆட்சேபிக்கலாம் என்றாள் கவுன்ட்டர் பெண்.

மகேன் வராந்தாவில் தூணோரம் நின்றான். "அக்கா, இனிமே அந்தப் பட்டியலு பக்கமே நான் போக மாட்டேன்."

"ஏன் போக மாட்ட? போ. நல்லா பாரு. அது உன் வேலைதானே? போன வாட்டி நீ எழுதினது சரி. இந்த வாட்டி என் பேரு சரியா இருக்கும், பாத்துக்க."

"சரிக்கா."

"அழுவறியா? ஆம்பள, கோசு விக்கறவன், அழுவலாமா? போயி சுபத்ராவ ஏத்திட்டுக் கடையில விடு. நேரமாச்சு."

லோரி போனபின் இருவரும் பஸ் நிலையத்துக்கு நடந்தார்கள். மழை தூறத் தொடங்கியது. குகன் மோட்டாரை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து கூரைக்கடியில் நின்றான். பெஞ்சில் ருக்குமணி உட்கார்ந்தாள். நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு, நீங்களும் உக்காருங்க என்று கையால் தட்டினாள். உட்கார்ந்தான்.

"ஞாயித்துக்கிழமை வர வேணாம்னு கொழுந்தனாருக்குச் சொல்லணும்."

"நான் பேசட்டா?"

"வேணாம். நானே சொல்றேன். கேஸு தோத்துப் போச்சு, அதனால இங்கயே இருக்கேன்னு சொல்லப் போறேன். மண்டைய ஒடச்சுக்கட்டும்."

குகனுக்குச் சிரிப்பு வந்தது. வந்தது அவனுக்கே அதிசயமாக இருந்தது. சிரித்த வாய் கோணிக்கொண்டது. கண் நிறைந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு மழையைப் பார்த்தான். அவள் பார்த்தும் பார்க்காதது போல் இருந்தாள். சற்று நேரம் கழித்து, எதிரே நின்ற வண்டிகளைப் பார்த்துக்கொண்டே, அவள் பாட்டுக்குப் பேசத் தொடங்கினாள்.

"அவ மொத ஓட்டுப் போட்டது தாப்பாவுல. தமிழ்ப்பள்ளியில. வெரல்ல மை வச்சு விட்டாங்களா, அந்த வெரல இப்படித் தூக்கிப் பிடிச்சிக்கிட்டே வீட்டுக்கு வந்தா. மை அழிஞ்சா போலிஸ் பிடிக்கும்னா என்கிட்ட. நானும் நம்பிட்டேன். ஒரு வாரம் துணி தொவைக்கல, சட்டி கழுவல. எல்லாம் நான்தான். அவங்கப்பாவும் சேந்துக்கிட்டாரு, ஆமா ஆமா, பிடிக்கும்னு."

"கண்டுபிடிக்கலையா?"

"பக்கத்து வீட்டுப் பொண்ணும் அன்னைக்குத்தான் போட்டுச்சு. அது கொல்லையில உக்காந்து துணி தொவைக்குது. ஏன்டி, உன்ன பிடிக்க மாட்டாங்களான்னு கேட்டேன்..."

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. ருக்குமணி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

குகன் பையை அவள் கையிலிருந்து வாங்கிப் பெஞ்சில் வைத்தான்.

"அடுத்த பஸ்ஸுல போங்க அத்தை. சொல்லி முடிங்க."